வீட்டுக்கு லேன் வயர் இழுப்பது: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

காங்கயத்திலிருந்து பெருந்துறை வரைக்கும் கேமரா, நெட் வேலைக்குப் பதினாலு வருசமாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். கிரகப்பிரவேசப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலைக்காரர் லேன் வயர், அதாவது நெட் பெட்டியிலிருந்து டிவி, கம்ப்யூட்டர், கேமராவுக்கு நெட்டைக் கொண்டுபோகும் வயர் பற்றிச் சந்தேகம் கேட்காமல் விடுவதில்லை. பந்தியில் சொன்னதையே போனில் சொல்லி, போனில் சொன்னதையே வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் முதல் எட்டையாவது கான்கிரீட் போடும் முன் படித்துவிடுங்கள்.

1. வைஃபைதான் இருக்குதே, அப்புறம் வயரு எதுக்குங்க?

போனுக்கு வைஃபைதான், அதில் சண்டை இல்லை. அந்த வைஃபையைக் கொடுக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். மாடிப் படுக்கையறைக்கு அது இரண்டு செங்கல் சுவரையும் கம்பி நிறைந்த ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டிப் போக வேண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டிப் போகும், ஆனால் மெதுவாக; அதிலும் பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு இடத்துக்கு அடித்துக்கொண்டு. நடுவில் ஒரு 'பூஸ்டர்' வைத்தால், சாதாரணப் பூஸ்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

மாடியிலும் ஒரு வைஃபை பெட்டி வைத்து அதற்குக் கீழிருந்து வயர் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. காலும் சக்கரமும் இல்லாத சாமான் எல்லாவற்றுக்கும் வயர்: டிவி, மேஜைக் கம்ப்யூட்டர், கேமரா, மாடி வைஃபை பெட்டி. கையில் எடுத்துக்கொண்டு நடப்பதற்கெல்லாம் காற்று.

2. எந்தச் சமயத்துலீங்க உங்களக் கூப்பிடோணும்?

இரண்டு தடவை. முதல் தடவை, தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். இரண்டாவது, எலக்ட்ரீசியன் சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டும்போது, பூச்சுக்கு முன்னால். இந்த இரண்டு நாளில் பைப் உள்ளே போய்விட்டால் வயரைப் பெயிண்ட் அடித்த பிறகுகூட இழுத்துக்கொள்ளலாம். பெயிண்ட் காய்ந்த பிறகு முதல் போன் போடுகிறவர்கள்தான் பாதிப் பேர்; அவர்கள் 13ஆம் கேள்விக்குப் போகவும்.

தளத்துக்குள் போகும் பைப்பின் வாயை டேப் சுற்றி அடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்ட் பால் இறங்கி உள்ளே கல்லாகிவிடும். பைப்புக்குள் இழுப்புக் கயிறு ஒன்றும் விட்டுவையுங்கள். கொத்தனார் கைக்கு எட்டுகிற கட்டுக்கம்பியை விடுவார், விட வேண்டாம். தளத்துக்குக் கட்டும் தண்ணீரில் துருவேறி, ஆறு மாதம் கழித்து இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி உள்ளே நிற்கும். நைலான் கயிறு போதும்.

3. எந்தெந்த ரூமுக்கு எத்தனை பாயிண்டு உடறது?

ஹால் டிவிக்குப் பின்னால் இரண்டு. படுக்கையறைக்கு ஒன்று. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மேஜை போடும் அறைக்கு இரண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தோன்றும். மறப்பது சீலிங் பாயிண்டை. ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில், நடையிலோ ஹாலிலோ, சீலிங்கில் ஒரு பாக்ஸ் வைத்து அதற்கு ஒரு பைப் விடுங்கள். வைஃபை பெட்டிக்கு அதுதான் இடம். அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. வாசல் கேட்டுத் தூணுக்கும் ஒரு காலிப் பைப் போடுங்கள். இன்றைக்கு வேண்டாவிட்டால் வாயை மூடிவைக்கலாம்.

திங்களூர்ப் பக்கம் ஒரு வீட்டில் "அப்பத்தா ரூமுக்கு எதுக்குங்க நெட்டு" என்று அந்த ஒரு பைப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் பேச அப்பத்தா இன்றைக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, வருகிறார்.

4. கேட் 5ஈ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 8னு என்னென்னமோ சொல்றாங்க. எதைத்தான் வாங்கறது?

கேட் என்பது வயரின் தரவகை. வீட்டுக்குக் கேட் 6. கேட் 5ஈ 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் (நொடிக்கு 1000 மெகாபிட்) தரும். 2016இல் வந்த புதிய தரத்தின்படி 2.5 ஜிகாபிட்டும் அதே வயரில் ஓடும். ஆகவே ஏற்கெனவே 5ஈ போட்டிருப்பவர்கள் பிடுங்க வேண்டியதில்லை. கேட் 6 ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு ஒரு வயர் போவது அபூர்வம். 6ஏ முழு 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட் தரும், ஆனால் தடிமன் அதிகம், விறைப்பு அதிகம், பைப்பும் பெரிதாக வேண்டும்.

கேட் 8 சர்வர் அறைக்குள் 30 மீட்டருக்குள் ஓடுவதற்காக வந்தது. வீட்டுக்கு அதை வாங்குவது, மொபெட் போகிற இட்டேரியில் பத்துச் சக்கர லாரியை விடுகிற மாதிரி. மிச்சமாகிற காசில் பைப்பைப் பெரிதாகப் போடுங்கள். வயரைப் பத்து வருசம் கழித்து மாற்றலாம், தளத்துக்குள் இருக்கிற பைப்பை மாற்ற முடியாது.

5. ஒரே கேட் 6தான், ஒரு கடையில பாதி விலைக்குத் தர்றாங்க. நல்லாயிருக்குமுங்களா?

பெட்டியில் பொடி எழுத்தில் 'சிசிஏ' என்று இருக்கிறதா பாருங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியது என்று அர்த்தம். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் இரண்டு பெட்டியையும் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும். எழுத்து இல்லாமலும் விற்கிறார்கள். அப்போது ஒரு துண்டு வாங்கி, ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்ட சிவப்பாகவே இருந்தால் செம்பு. இரண்டாவது சுரண்டலில் வெள்ளையாக மின்னினால் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சிசிஏ முதல் நாள் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. இரண்டு மூன்று தடவை வளைத்தால் ஜாக்குக்குள் ஒடிந்துபோகும், காற்றுப் பட்டால் மேல்பரப்பு கெடும். வயர் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் அனுப்பினால் (15ஆம் கேள்வி) சூடாகும். பூச்சுக்குள் புதைக்கப் போகிற வயரில் போய் இந்த மிச்சம் பிடிக்க வேண்டாம்.

6. எலக்ட்ரீசியன் கரண்டு பைப்புலயே உட்டுறலாம்னு சொல்றாருங்க. உடலாமுங்களா?

கூடாது. நானே ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் அப்படி விட்டேன். ஏசி ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த அறையில் வீடியோ கால் விட்டு விட்டு வந்தது. அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வருசம் கழித்து எலக்ட்ரீசியன் அதே பைப்பில் புது வயர் இழுத்தபோது லேன் வயரின் மேல்தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்தது. கரண்ட் வயரிலும் அதே இடத்தில் தோல் போயிருந்தால் 230 வோல்ட் நேராக லேப்டாப்புக்கு வந்திருக்கும். லேப்டாப்பில் கை வைத்திருப்பவருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் தனிப் பைப் வெட்டிக் கொடுத்தேன்.

தனிப் பைப், தனி பாக்ஸ். இரண்டும் பக்கத்தில் போனால் ஒரு சாண் தள்ளிப் போகட்டும். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்காகக் கடக்கட்டும், ஒட்டிக்கொண்டே ஓட வேண்டாம்.

7. பைப்பு எத்தனை எம்எம் போடறது? ஒரு பைப்புல எத்தனை வயரு போகும்?

25 மி.மீ. பைப்பில் கேட் 6 நான்கு வரை. 20 மி.மீ. பைப்பில் இரண்டு. இதற்கு மேலும் திணிக்கலாம், ஆனால் இழுக்கும்போது தெரியும். குறுகலான எல்போ போடக் கூடாது, நீண்ட வளைவு பெண்டு போடுங்கள். ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் இடையில் ஒரு பாக்ஸ் வையுங்கள்.

கேட் 6 வயரின் தடிமன் 6 மி.மீ. அளவு. அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. இழுக்கும் பலம் பத்துப் பதினோரு கிலோவைத் தாண்டக் கூடாது. ஆள் இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்தால் வயர் வந்துவிடும், ஆனால் உள்ளே ஜோடி ஜோடியாக இருக்கும் கம்பிகளின் முறுக்கு நீண்டு வேகம் போய்விடும். ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

8. எல்லா வயரும் எங்கீங்க வந்து சேரோணும்?

ஒரே இடத்தில். மாடிப்படிக்கு அடியில், ஸ்டோர் ரூமில், அல்லது ஹாலில் டிவி அலமாரிக்குள் காற்றோட்டமாக. லாஃப்ட் வேண்டாம், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே சித்திரை மாசம் என்ன சூடு இருக்கும் என்று ஒருக்கா ஏறிப் பாருங்கள். வீட்டின் நடுவாக இருந்தால் வயர் மிச்சம்.

அந்த இடத்துக்கு வேண்டியவை: இன்வெர்ட்டர் லைனில் குறைந்தது இரண்டு பிளக், சின்னதாக ஒரு சுவர் ரேக், அப்புறம் மொட்டைமாடியிலிருந்தோ வெளிச்சுவரிலிருந்தோ நேராக அங்கே வந்து இறங்கும் ஒரு காலிப் பைப். நெட் கம்பெனிக்காரர் ஃபைபரை (கண்ணாடி இழை வயரை) கொண்டுவர அது. அது இல்லாமல் எத்தனை வீட்டில் புது ஜன்னல் பிரேமில் துளை போட்டுக் கறுப்பு வயர் ஹாலுக்குள் தொங்குகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

9. மோடம், ரூட்டர், ஸ்விட்ச்சு எல்லாம் ஒண்ணுதானுங்களே?

ஃபைபரில் வருகிற ஒளியை லேன் வயருக்கு மாற்றுவது கம்பெனிக்காரர் தரும் பெட்டி, நீங்கள் மோடம் என்பது அதைத்தான். ஒரே கனெக்‌ஷனை வீட்டிலுள்ள எல்லாச் சாதனத்துக்கும் பங்கிடுவது ரூட்டர். இப்போது வரும் பெட்டிகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நான்கு துளை போதாமல் எட்டோ பதினாறோ வேண்டுமென்றால் சேர்ப்பது ஸ்விட்ச். வாங்கும்போது எல்லாத் துளையும் ஜிகாபிட்தானா என்று கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய ரூட்டரை மாடியில் வைக்கும்போது அதை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு, அதாவது பங்கிடும் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு நாட்டாமை ஆகிவிடும். அடுத்தது, சும்மா தொங்குகிற வயரின் இரண்டு முனையையும் யாராவது ஒரே ஸ்விட்ச்சில் குத்திவிட்டால் வீடு முழுக்க நெட் நின்றுவிடும். லீவுக்கு வந்த குழந்தைகள் இருக்கும் வீட்டிலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

10. மொத்தம் எத்தனை மீட்டர் வயரு வாங்கறதுன்னு எப்படீங்க கணக்குப் போடறது?

பைப் போகிற வழியிலேயே அளக்க வேண்டும். ஏற்றம் இறக்கத்தையும் சேர்த்து. சமீபத்தில் முடித்த ஒரு மாடி வீட்டுக் கணக்கு: ஹால் டிவி 9 மீட்டரில் இரண்டு, 18. கீழ் அறைகள் 12, 14. மாடி அறைகள் 16, 18, 21. சீலிங் பாயிண்ட் 10, 17. மொத்தம் ஒன்பது வயர், 126 மீட்டர். ரேக்கிலும் பாக்ஸிலும் மிச்சம் விட வயருக்கு 3 மீட்டர் சேர்த்தால் 153. ஒரு பெட்டி 305 மீட்டர். நான்கு கேமராவுக்குச் சராசரி 28 மீட்டர் என்று 112 போனாலும் 265தான், ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

மிச்சம் விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஜாக் தப்பாகக் குத்திவிட்டால் வெட்டித்தான் மறுபடி போட முடியும். ஒரு சாண் வயர் இல்லாமல் போனதால் முழு வயரையும் புதிதாக இழுத்திருக்கிறேன்.

11. கலர் கோடு ஏ போடறதா, பி போடறதா?

எதைப் போட்டாலும் நெட் வரும், இரண்டு முனையிலும் ஒரே முறை இருந்தால். நம் பக்கம் எல்லோரும் பி போடுகிறார்கள், நீங்களும் பி போட்டால் அடுத்து வருகிறவருக்குக் குழப்பமில்லை. வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீலம் வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீல ஜோடி உட்காருவதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாக நேராக அடுக்குவது அழகாகத் தெரியும், ஆனால் அது தப்பு. ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது; சுண்டுவிரல் நகத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து வயரை அப்படியே நீட்டி நுனியில் பிளாஸ்டிக் ஜாக் கிரிம்ப் செய்து தொங்கவிட வேண்டாம். சுவருக்குள் போகும் வயர் ஒற்றைக் கம்பி, ஆட்ட ஆட்ட ஒடியும். சுவரில் ஐஓ பாக்ஸ் (லேன் துளை உள்ள பாக்ஸ்) வைத்து அதில் வயரைப் பஞ்ச் செய்துவிட்டு, அதாவது கம்பிகளைப் பள்ளத்தில் அழுத்தி இறக்கிவிட்டு, அங்கிருந்து சாதனத்துக்கு ரெடிமேட் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் ஜாக் உள்ள குட்டை வயர்) போடுங்கள்.

12. 300 எம்பி பிளான் போட்டிருக்கறனுங்க. வயர்ல 95க்கு மேல நகரவே மாட்டீங்குது!

95 என்ற எண்ணைக் கேட்டாலே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டும் சேர்ந்தாலே 100 மெகாபிட் ஓடும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் இரண்டு பக்கத்துச் சாதனமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ராசியாகிவிடும். நெட் வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. சென்னிமலைப் பக்கம் ஒருவர் இதற்காக நெட் கம்பெனியோடு மூன்று நாள் சண்டை போட்டிருந்தார். நான் போய் ஐஓ பாக்ஸைத் திறந்தேன். நீல வெள்ளைக் கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே படுத்திருந்தது, பூச்சுத் தூள் ஒரு பருக்கை அடியில் தடுத்துக்கொண்டு. ஊதிவிட்டு பஞ்சிங் டூலால் ஒரு அழுத்து, 'டக்' என்றது. மூன்று நாள் சண்டை அங்கே முடிந்தது.

நீங்களே பார்க்க: முதலில் பேட்ச் கார்டை மாற்றுங்கள். பிறகு ஸ்விட்ச் ஜிகாபிட்தானா பாருங்கள். பிறகு சாதனம், பல டிவிகளின் லேன் துளையே 100 மெகாபிட்தான், 4கே படத்துக்கு 25 போதும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். கடைசியாக இரண்டு முனை ஜாக். எட்டு விளக்கு எரிகிற சின்ன டெஸ்டர் கம்பி ஒடிந்ததைக் காட்டும். ஆனால் 11இல் சொன்ன மாதிரி ஜோடிகளை நேராக அடுக்கியிருந்தால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்துகொண்டே உங்களை ஏமாற்றும். 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒரே முறுக்கில் வராததால் சிக்னல் பக்கத்து ஜோடிக்குக் கசியும்.

13. ஊடு கட்டிக் குடிபோயாச்சுங்க. செவுத்த ஒடைக்காம முடியுமுங்களா?

முதலில் பழைய கேபிள் டிவி பைப்பையும் டெலிபோன் பைப்பையும் தேடுங்கள். உள்ளே இருக்கும் பழைய வயரின் நுனியில் லேன் வயரைக் கட்டி, மறுமுனையில் இழுத்தால் அது வெளியே வரும்போது இது உள்ளே வந்துவிடும். கட்டும்போது முடிச்சைத் தடிமனாக்காமல் டேப்பை ஒடுக்கமாகச் சுற்றுங்கள். அது இல்லையென்றால் மழைநீர்ப் பைப்பை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு பைப் ஏற்றி மாடிக்குள் துளை போடலாம். துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டால் தண்ணீர் உள்ளே வராது. அறைக்குள் தரையோரமாக வெள்ளைக் கேசிங் பட்டி. பார்க்கச் சுமார்தான், ஆனால் வேலை செய்யும்.

கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் அடாப்டரைப் பலர் கேட்கிறார்கள். நம் பக்கம் மூன்று ஃபேஸ் வீடுகள் அதிகம், நடுவில் இன்வெர்ட்டர் வேறு. இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் பெரும்பாலும் இழுபறிதான். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

14. எங்களுது அப்புச்சி காலத்துத் தொட்டிக்கட்டு ஊடுங்க. மண் செவுரு. என்ன பண்றது?

சுவரில் கை வைக்காதீர்கள். மண் சுவரில் காடி வெட்டினால் கட்டிங் மெஷின் நிற்கும் இடம் தெரியாது, பொலபொலவென்று கொட்டும். விட்டத்துக்கும் உத்தரத்துக்கும் மேலேயே ஒல்லிப் பைப் ஓட்டினால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தேக்கில் ஆணி அடிக்காமல் கிளாம்பைக் கட்டிவிடலாம்.

இரண்டடி மண் சுவரை வைஃபை லேசில் தாண்டாது. ஆனால் தொட்டி (நடுமுற்றம்) திறந்துதானே இருக்கிறது. தொட்டியைப் பார்த்த மாதிரி ஆசாரத்தில் ஒரு வைஃபை பெட்டி வைத்தால் நான்கு பக்கத்து அறைக்கும் கதவு வழியாக நெட் போய்ச் சேரும். இந்த வீடுகளில் ஒரு பெட்டியிலேயே திருப்தியாக முடிந்த வேலைகள் உண்டு.

15. கேமராவுக்குத் தனியா கரண்டு வயரு வேணுமுங்களா?

ஐபி கேமரா (லேன் வயரில் ஓடும் கேமரா) என்றால் வேண்டாம். பிஓஇ ஸ்விட்ச் வாங்கினால் லேன் வயரிலேயே கரண்டும் போகும். முதல் தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட், அடுத்ததில் 30 வாட். சாதாரணக் கேமராவுக்கு முதலாவதே மிச்சம். நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சை இன்வெர்ட்டர் லைனில் வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் ஓடும். இங்கே வயர் கட்டாயம் முழுச் செம்பாக இருக்க வேண்டும், காரணம் 5இல்.

16. தோட்டத்துல சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) மோட்டார் ரூமுக்கும் 200 மீட்டர். லேன் வயரு போகுமுங்களா?

போகாது, எல்லை 100 மீட்டர். நடுவில் தென்னை மரத்தில் ஸ்விட்ச்சைக் கட்டி நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இதற்கு ஃபைபர்தான். இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியை லேன் வயருக்கு மாற்றும் பெட்டி), நடுவில் சிங்கிள் மோட் ஃபைபர். ஒரே இழையில் போய் வருகிற கன்வெர்ட்டர் என்றால் ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டு ஏ வாங்கிவந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

ஃபைபரைக் கறுப்பு எச்டிபிஇ ஓஸுக்குள் விட்டுப் புதையுங்கள். காட்டுக்குக் குறுக்கே வேண்டாம். ரொட்டவேட்டர் மேலோடு போய்விடும், சட்டிக் கலப்பை ஆழமாக இறங்கும். வண்டித்தடத்தின் ஓரமாகவோ கிளுவை வேலியை ஒட்டியோ இரண்டடி ஆழத்தில் போனால் நீளம் கூடினாலும் நிம்மதி. ஓஸ் மேல் செங்கல் வரிசை ஒன்று போட்டு மூடினால் பின்னால் தோண்டுகிறவருக்கு எச்சரிக்கை.

தோண்டவே முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தென்னந்தோப்பு நடுவில் இருந்தால், அதுவும் மட்டை மழையில் நனைந்தால், சிக்னல் விழும். வைக்கும்போது கன்றாக இருந்தது நான்கு வருசத்தில் குறுக்கே நிற்கும்.

17. மழைக்கு இடி உழுந்தா எல்லாம் போயிருமுங்களா?

மேலே விழுந்தால் எதுவும் தப்பாது. பக்கத்தில் விழுவதுதான் நாம் தடுக்க வேண்டியது. சில வருசத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் சாளையிலிருந்து கட்டுத்தரைக் கேமராவுக்கு 60 மீட்டர் செம்பு வயர் வெளியே இழுத்தேன். 100க்குள்தானே என்று நினைப்பு. சித்திரை மழையில் நடுவிலிருந்த தென்னையில் இடி விழுந்தது. கேமரா, ஸ்விட்ச், ரூட்டர், அந்த ரூட்டரில் வயரோடு இருந்த டிவி, நான்கும் போயின. வைஃபையில் இருந்தது ஒன்றும் போகவில்லை. வெளியே கிடக்கும் நீளச் செம்பு இடியின் அதிர்ச்சியை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுக்கிறது, இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் வித்தியாசம் வரும்போது இன்னும் மோசம். அன்றிலிருந்து ஒரு கட்டடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் இருபது மீட்டராக இருந்தாலும் ஃபைபர்தான் போடுகிறேன்.

ஃபைபரிலும் ஒரு கண் வேண்டும். சில வகையில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி கூடவே வரும். அந்தக் கம்பியை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்துங்கள். கிடைத்தால் உலோகமே இல்லாத வகையாக வாங்குங்கள். ஸ்பைக் பஸ்டரை நம்பி இருக்க வேண்டாம். இடி கூடும்போது பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்கவும். பாதிப் பேர் பிளக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

18. அணிலு வயரக் கடிச்சுக் கடிச்சுப் போடுதுங்க!

பைப்புக்குள் விடுங்கள், வேறு வழி இல்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தவர் இரண்டாவது மழையோடு விட்டுவிட்டார். ஃபால்ஸ் சீலிங்குக்குள் எலி வரும், அங்கேயும் பைப். வெளியில் போகும் வயர் கறுப்புத் தோல் உள்ள வெளிப்புற வகையாக இருக்கட்டும்; வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற வயர் நம் வெயிலில் வெடித்துவிடும்.

19. தறிக் கொட்டாய்க்குள்ள வயரு போகோணும். ஷீல்டு வயரு போட்டாச் செரியாயிருமுங்களா?

ஷீல்டு வயரின் உலோக உறை எர்த்தோடு சேர வேண்டும். உலோக ஜாக், உலோகப் பேட்ச் பேனல் (ரேக்கில் வயர்களைச் சேர்க்கும் பட்டை), அதற்கு ஒழுங்கான எர்த், எல்லாம் இருந்தால்தான் பயன். எர்த் இல்லாத ஷீல்டுக்குக் கொடுத்த காசுக்குப் பலன் முழுசாகக் கிடைக்காது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கொட்டாய்களில் நான் செய்வது சாதாரண கேட் 6தான், மோட்டார் லைன் போகும் சுவருக்கு எதிர்ச்சுவரில், தனிப் பைப்பில். கொட்டாய் தனிக் கட்டடமாக இருந்தால் 17இல் சொன்ன காரணத்துக்காக ஃபைபர். ஃபைபருக்கு மோட்டார் இரைச்சல் எட்டாது. பஞ்சுத் தூசிதான் அங்கே பெரிய எதிரி, ஸ்விட்ச்சை மூடிய பெட்டிக்குள் வைத்து மாதம் ஒருக்கா ஊதிவிடுங்கள்.

20. மாடிய வாடகைக்கு உடப் போறமுங்க. அவிங்களுக்கும் நம்ம நெட்டையே குடுத்தரலாமுங்களா?

கொடுக்காதீர்கள். உங்கள் பெயரிலுள்ள கனெக்‌ஷனில் அவர் என்ன பார்த்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் உங்கள் கேமராவும் அவர் கைக்கு எட்டும். வெளிச்சுவரிலிருந்து மாடிக்குத் தனியாக ஒரு காலிப் பைப் போட்டுவைத்தால் குடிவருகிறவர் அவருக்குப் பிடித்த கம்பெனியின் ஃபைபரை இறக்கிக்கொள்வார். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், ரூட்டரில் விருந்தினர் வைஃபையைப் போட்டு அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள்.

21. வேலை முடிஞ்சுருச்சுன்னு சொல்றாங்க. காசு குடுக்கறதுக்கு முன்னால என்னென்ன பாக்கோணும்?

ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டாகக் குத்துங்கள். நெட் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் 12ஆம் கேள்விக்காரர் மாதிரி ஆகிவிடும். நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்ட வேண்டும். 100 காட்டினால் அந்தப் பாயிண்டுக்குக் காசு பாக்கி. பெட்டியில் மிஞ்சிய வயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் காசு.

ரேக்கில் ஒவ்வொரு வயருக்கும் எண், சுவர் பாக்ஸிலும் அதே எண். டேப்பில் பேனாவால் எழுதினால் ஒரு வருசத்தில் அழிந்துவிடும், பிரிண்ட் செய்த லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் பூச்சுக்கு முன்னால், பைப் தெரிகிற நிலையில், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைக் கூடவே பிடித்துப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். அந்தப் போட்டோக்களை ஒரு பிரிண்ட் போட்டு ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு வருசம் கழித்து ஏசி மாட்ட டிரில்லிங் மெஷினோடு வருகிறவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.